இடது கன்னத்து ஊர்

மருதங்குறிச்சியில் செவ்வாய்க்கிழமை வந்தால் கல்யாணமான ஆண்பிள்ளை எவனும் பஸ் ஓட்டக்கூடாது, பனை ஏறக்கூடாது, சவரக்கத்திக்குக் கழுத்தைக் காட்டக்கூடாது என்று கூட்டம் போட்டு முடிவு பண்ணினார்கள் அல்லவா, அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் பெரிய பஜாரில், ஜவுளிக்கடை மாடியில், முகத்துக்கு மட்டும் வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரி ஒன்று திறந்தது. டாக்டரம்மா பெயர் பிரமிளா. பரமக்குடிப் பக்கத்துப் பிள்ளை. வயசு ஏற ஏற முகத்தில் எங்கே சதை வற்றிப் பள்ளம் விழுகிறது, எங்கே தோல் தளர்ந்து தொங்குகிறது என்று பார்த்து, பார்த்த இடத்தில் ஊசி போட்டு நிரப்பி நிமிர்த்திவிடுவது அவள் தொழில். கூட ஒத்தாசைக்கு உள்ளூரில் ஆள் தேடினபோது எல்லாரும் சங்கரவடிவைத்தான் கைகாட்டினார்கள்.

சங்கரவடிவுக்கு ஐம்பத்திரண்டு வயசு. இருபத்தைந்து வருஷமாக அந்த வட்டாரத்துக் கல்யாணப் பெண்களுக்கெல்லாம் மேக்கப் போட்டவள். எவளுக்கு எந்தக் கன்னத்தில் குழி விழும், எவளுக்குச் சிரித்தால் ஈறு தெரியும் என்பதெல்லாம் அவளுக்குக் கைப்பாடம். புருஷன் கல்யாணமாகி ஐந்தாம் வருஷமே காமாலையில் போய்விட்டான். ஒற்றை மகன் பேச்சிராஜனை அவளே வளர்த்து, மண் அள்ளுகிற பொக்லைன் வண்டி ஓட்டப் பழக்கி, மூன்று வருஷத்துக்கு முன்னால் முப்பிடாதி என்று ஒரு நல்ல பெண்ணைப் பார்த்துக் கட்டிவைத்திருந்தாள்.

டாக்டரம்மா அவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்தாள். வந்தவளைப் படுக்கவைக்கக் கூடாது, படுத்தால் சதை பின்னால் போய் முகம் பொய் சொல்லும். நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். முடியைத் துணிப்பட்டையால் ஒதுக்க வேண்டும், பவுடரைத் துடைக்க வேண்டும், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். கண்ணாடியை மடியில் வைத்துக் குனிந்து பார்க்கச் சொன்னால் தெரிவது பத்து வருஷம் கழித்து வரப்போகிற முகம். அதே கண்ணாடியைத் தலைக்கு மேலே தூக்கி அண்ணாந்து பார்க்கச் சொன்னால் தெரிவது பத்து வருஷம் முன்னால் போன முகம். வாலிபத்தில் எடுத்த போட்டோ ஒன்று கையோடு கொண்டுவரச் சொல்ல வேண்டும். மருதங்குறிச்சிப் பொம்பளைகளிடம் கல்யாண போட்டோ தவிர வேறு ஏது? அதைத்தான் சேலைத்தலைப்பில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். போட்டோவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, நெற்றிப்பொட்டில் பள்ளம், கண்ணுக்குக் கீழே பை, கன்னத்தில் சரிவு, வாயோரத்தில் மடிப்பு, தாடையில் தொங்கல் என்று ஒவ்வொன்றையும் வெள்ளைப் பென்சிலால் கோடு போட்டுக் காட்ட வேண்டும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் டாக்டரம்மா ஊசியை எடுப்பாள். புது ஆளுக்குக் கோடு போடுவது செவ்வாய்க்கிழமை மட்டும்.

முதல் மூன்று செவ்வாயும் முகம் பார்த்துப் பெயர் எழுதினதோடு சரி, யாருக்கும் கோடு போடவில்லை. டாக்டரம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்தது.

"ஏம்மா வடிவு, வயசுன்னா ரெண்டு பக்கமும் சமமாத்தானே இறங்கும்? இந்த ஊர்ல வர்ற எல்லாருக்கும் இடது பக்கம் மட்டும் இறங்கியிருக்கே. எல்லாரும் இடது பக்கமாவே படுத்துத் தூங்குவீங்களா?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பதினைந்து பொம்பளைகளும் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார்கள். ஒருத்தி இருமினாள். சங்கரவடிவு பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னாள்: "இங்க மேகாத்து ஜாஸ்தி டாக்டரம்மா. ஒரு பக்கமாவே வீசும்."

நாலாம் செவ்வாய் வந்தவள் ரைஸ்மில் கோமதிநாயகத்தின் சம்சாரம் ஆவுடைத்தங்கம். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தாள், மணவறையில் பக்கத்தில் நிற்கும்போது முகம் கொஞ்சம் நிமிர்ந்திருக்கட்டும் என்ற ஆசை. சங்கரவடிவு இடது தாடையோரம் பென்சிலை வைத்துக் கீழே இழுத்தாள். அதே நிமிஷத்தில், ரெண்டு தெரு தள்ளி, மில்லில் நெல்மூட்டை மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த கோமதிநாயகத்தின் இடது தாடையில் சடேரென்று ஒன்று விழுந்தது. கை தெரியவில்லை, ஆள் தெரியவில்லை, அடி மட்டும் தெரிந்தது. ரெண்டு பல் கழன்று டீ கிளாசுக்குள் விழுந்து டீ சிவந்தது. அவர் எழுந்து "எவம்லே அது" என்று கேட்பதற்குள் கண்ணுக்குக் கீழே அடுத்தது விழுந்து கண் வெங்காயம் மாதிரி வீங்கி மூடியது, புருவம் கிழிந்தது, மேலுதடு பிளந்து, மூக்கு ஒடிந்து ரத்தம் வேட்டியில் கொட்டியது. மூட்டை தூக்குகிறவர்கள் சுற்றி நின்று அடி எந்தச் சுவரிலிருந்து வருகிறதென்று பார்த்தார்கள். ஒருவன் மூட்டைக் கொக்கியை எடுத்து வெறும் காற்றில் நாலு வீசு வீசிப் பார்த்தான், ஒன்றும் மாட்டவில்லை.

இங்கே மாடியில் ஆவுடைத்தங்கம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பென்சில் படப்பட, தூங்குகிறவள் உளறுகிற மாதிரி அவள் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது: "இது மூத்தவ பொறந்த வருஷம். பொட்டப்புள்ளையாப் போச்சுன்னு. இது தீவாளிக்கு. இது கறியில முடி கெடந்ததுக்கு. இது எதுக்குன்னு தெரியலக்கா, நான் சும்மாத்தான் நின்னுக்கிட்டு இருந்தேன்." சொல்லச் சொல்ல, கோடு போட்ட இடமெல்லாம் இட்லிமாவு பொங்குவது போல் மெல்ல எழும்பி, ரெண்டு கன்னமும் ஒரே மட்டத்துக்கு வந்து நின்றன. டாக்டரம்மா ஊசியோடு வந்து பார்த்துவிட்டு ஊசியைத் திரும்ப வைத்தாள்.

மூன்று செவ்வாய்க்குள் விஷயம் ஊருக்கு விளங்கிவிட்டது. வயசு இறக்கின இடத்தில் கோடு போட்டால் கோடு கோடாகவே இருக்கும், அதற்கு டாக்டரம்மா ஊசி. கை இறக்கின இடத்தில் கோடு போட்டால் அடி எங்கே இருந்து வந்ததோ அங்கே திரும்பிப் போய்விடும், அதற்கு ஊசி வேண்டாம். அவ்வளவுதான். எப்படி, ஏன் என்று யாரும் மெனக்கெடவில்லை. பென்சிலா என்று பார்த்தால் அது தெருமுனைக் கடையில் வாங்கின பென்சில். சங்கரவடிவின் கையா என்று பார்த்தால் அது இருபத்தைந்து வருஷமாக ஊர் பார்த்த கை. டாக்டரம்மாவிடம் கேட்டதற்கு, "நான் பரமக்குடிக்காரிங்க, உங்க ஊர் வழக்கம் எனக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பஜார் வேறு மாதிரி ஆனது. ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தவன் கத்தரியோடு மல்லாந்து விழுந்தான். ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் மூக்கு ரத்தம் பத்திரத்தில் விழுந்து, அந்தப் பத்திரம் செல்லுமா செல்லாதா என்று ஒரு மாசம் வழக்கு நடந்தது. ரிட்டயரான ஹெட்மாஸ்டர் ஒருத்தர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கையில் நாலு மாவட்டத்தில் கட்டிக்கொடுத்த நாலு மகள்கள் ஒரே நாளில் வந்து கோடு போட்டுக்கொள்ள, மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவர் முகத்தில் முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மினி பஸ் ஓட்டின செண்பகம், வளைவில் திரும்பும்போது காது மேல் வாங்கி, பஸ்ஸை நாற்பது ஆளோடு குளத்துக்குள் இறக்கினான். நல்ல வேளை, கோடைத் தண்ணீர் முழங்காலளவுதான். சவரக்கடையில் தொண்டையில் கத்தி இருக்கும்போது ஒருத்தன் தலை திடுமென்று பக்கவாட்டில் திரும்ப, காதிலிருந்து குரல்வளை வரை கோடு திறந்து, உயிர் பிழைத்ததே பெரிய பாடு. அதற்கப்புறம்தான் ஊர்க்கூட்டம். கூட்டத்தில் யாரும் யாரையும் யோக்கியன் என்றும் சொல்லவில்லை, அயோக்கியன் என்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைக்குக் கல்யாணமாகாத டிரைவராகப் பார்த்துப் போட வேண்டியது என்று மட்டும் தீர்மானம் எழுதினார்கள். வீங்கின வாயோடு "ஆமா, அதான் நல்லது" என்றார் தலைவர்.

பிறகு ஊர் அதற்கும் பழகியது. பல் கட்டுகிறவர் செவ்வாய் தோறும் விடியக்காலமே கடை திறந்தார். ஆண்பிள்ளைகள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்து, முகமூடி வழியாக டீயை ஊற்றிக் குடித்தார்கள். அடி ஹெல்மெட்டுக்கு உள்ளே விழுந்தது. "என்னவே, உம்ம வீட்டுல கோடு போட்டாச்சா?" என்று கேட்பது, மழை உண்டா என்று கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. சம்பந்தம் பேசப் போகிறவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அம்மாவை வாசலுக்குக் கூப்பிட்டு, வெளிச்சத்தில் நிறுத்தி, அவள் இடது கன்னத்தைப் பார்த்தார்கள். பொம்பளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "ரெண்டை மட்டும் இன்னைக்குப் போடுங்கக்கா, மிச்சம் அறுப்பு முடியட்டும், ஆள் இல்லாம வயல் கெடக்கு" என்று தவணை சொன்னவள் உண்டு. "அந்தக் காதோரத்தை விட்டுருங்க மைனி, அவுகளே இப்பம் ஆஸ்பத்திரியில கெடக்காவ" என்று பென்சிலைப் பிடித்துக்கொண்டவளும் உண்டு.

கல்யாண போட்டோவில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று ஆண்பிள்ளைகளுக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. போட்டோவில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறோம், அதைப் பார்த்துத்தானே கோடு போடுகிறார்கள், அந்த வழியாகத்தான் அடி ஆளை அடையாளம் கண்டுபிடித்து வருகிறது என்று எவனோ கண்டுபிடித்துச் சொல்ல, ஒரே வாரத்தில் ஊரில் இருந்த கல்யாண போட்டோவையெல்லாம் சட்டத்திலிருந்து கழற்றி, கத்தரியால் தங்களைத் தாங்களே வெட்டி எடுத்து அடுப்பில் போட்டார்கள். அடி நிற்கவில்லை. அது போட்டோவைப் பார்த்து வந்தால்தானே! பொம்பளைகள் பாதி போட்டோவைத் திரும்பச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். மாலையும் கழுத்துமாக, பக்கத்தில் ஆள் இல்லாமல், பட்டுச்சேலையில் தனியாக நிற்பது பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அடுத்து அவர்கள் கண்டுபிடித்ததுதான் கேடு. ஆஸ்பத்திரியில் கோடு போடுவது முகத்துக்கு மட்டும்தானே? கை கழுத்துக்குக் கீழே இறங்கியது. முதுகு, விலா, தொடை, அடிவயிறு. பொம்பளைகள் முகம் நிமிர்ந்து, இடுப்பு குனிந்து நடந்தார்கள். சங்கரவடிவு பார்க்கத்தான் செய்தாள். நாற்காலியில் உட்காரும்போதே பல்லைக் கடித்து உட்காருகிறார்கள் என்று தெரிந்தது. முகத்துக்குக் கீழே அவளுக்கு வேலை இல்லை.

செவ்வாய்க்கிழமை பஜாரில் ஹெல்மெட் இல்லாமல் வெறுந்தலையோடு உட்கார, கல்யாணமானவர்களில் ரெண்டே பேரால்தான் முடிந்தது. ஒருவன் இஸ்திரிக்கார மாடசாமி. அவன் சம்சாரம் சொர்ணத்துக்குப் போட்ட பதினோரு கோடும் வயசுக் கோடு, ஒன்றுகூட எங்கேயும் போகவில்லை. "அவருக்குக் கோவமே வராதுக்கா. உப்பு இல்லேன்னாலும் தின்னுட்டுப் போயிருவாரு. நாந்தான் ஒருநா கரண்டியால போட்டேன்" என்று அவள் சொன்னதைக் கேட்டு மாடியே சிரித்தது. மாடசாமியைப் பார்ப்பதற்கென்றே வெளியூர் ஆட்கள் வந்தார்கள்.

இன்னொருவன் சங்கரவடிவின் மகன் பேச்சிராஜன். ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே டீக்கடை பெஞ்சில், காலை அகட்டிப் போட்டு, சட்டைப் பித்தான் ரெண்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பான். போகிறவர் வருகிறவர் எல்லாம், "வடிவக்கா வளர்ப்புன்னா வளர்ப்புதான், தங்கம்லா" என்று சொல்லிப் போனார்கள். சங்கரவடிவு மாடி ஜன்னலில் நின்று அதைக் காதால் கேட்டாள். அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: பென்சில் அம்மா கையில் இருக்கிறது. ஊரில் மற்றவன் எல்லாம் முகத்தை விட்டுக் கையைக் கீழே இறக்கினபோதும் அவன் முகத்தை விடவில்லை. கல்யாண போட்டோவையும் அவன் வெட்டவில்லை. அவன் வீட்டில் மட்டும்தான் அது முழுசாகத் தொங்கியது.

முப்பிடாதி ஒருதரம் கேட்டாள். "அத்தை, நான் ஒருநா ஆஸ்பத்திரிக்கு வரட்டா?"

"உனக்கு இருபத்தேழு வயசு. உனக்கு என்னட்டி இறக்கம்? நாப்பது ஆவட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

முப்பிடாதி மறுபடி கேட்கவில்லை.

ஆனி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம், மீன்குழம்பு பரிமாறிக்கொண்டிருக்கையில் முப்பிடாதிக்கு அவள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அவள் எடுத்துப் பேசிவிட்டு வந்தாள். அவ்வளவுதான் விஷயம். பேச்சிராஜன் எச்சில் கையோடு எழுந்து முதலில் தாடையில் குத்தினான், அப்புறம் மூக்கில், அவள் கீழே விழுந்த பிறகு முடியைப் பிடித்துத் தூக்கி புருவத்தைக் கதவுநிலையில் இடித்தான், அப்புறமும் ஆத்திரம் தீராமல் வாசலில் கிடந்த ஹெல்மெட்டை எடுத்துவந்து கண்ணுக்குக் கீழே ஓங்கி ஒரே இறக்கு இறக்கினான். தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. கன்ன எலும்பு உள்ளே போய்விட்டது. அவன் கையைக் கழுவிக்கொண்டு படுக்கப் போனான். சங்கரவடிவு தரையைத் துடைத்தாள், ஐஸ்கட்டி வைத்தாள், சாயந்திரம் கேட்டவர்களிடம் "மோட்டார் ரூம் படியில விழுந்துட்டா" என்று சொன்னாள். அவளுக்கும் வேறு என்ன சொல்லத் தெரியும்? அவன் தப்பான பிள்ளை இல்லை, கோபம் வந்தால் மட்டும் கண் மண் தெரியாது, ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ரெண்டு நாள் தூங்கினாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, பெஞ்சு நிறையப் பொம்பளைகள் இருக்க, முப்பிடாதி படியேறி வந்தாள். முக்காட்டைத் தோளில் இறக்கிவிட்டிருந்தாள். பஜார் முழுக்க அந்த முகத்தோடுதான் நடந்து வந்திருக்கிறாள். வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். அவள் நேரே போய் நாற்காலியில் உட்கார்ந்து, முடியைத் தானே ஒதுக்கி, பையிலிருந்து கல்யாண போட்டோவை எடுத்து நீட்டினாள். பேச்சிராஜன் அதில் சிரித்துக்கொண்டு நின்றான்.

டாக்டரம்மா வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுல வயசு எங்கயுமே இல்லைம்மா" என்றாள். "இந்த எலும்புக்கு ஸ்கேன் எடுக்கணும். இடது கண்ணுல பார்வை எப்படி இருக்கு?"

"புகையாத் தெரியுது டாக்டர்."

"வடிவு அம்மா, கோடு போடுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

சங்கரவடிவு பென்சிலைக் கையில் எடுத்தாள். சீவினாள். இன்னொரு தரம் சீவினாள். "ஏட்டி, வீட்டுல வச்சுப் பேசிக்கிடலாம்" என்றாள் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

முப்பிடாதி எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் பதில் சொன்னாள். "போட்டா எல்லாத்தையும் போடுங்க அத்தை. இல்லேன்னா பென்சிலைக் கீழ வச்சுருங்க. வேற யாராவது போடட்டும்."

பெஞ்சிலிருந்து ஆவுடைத்தங்கம் எழுந்தாள். "நான் போடட்டா வடிவக்கா?"

"வேண்டாம்." சங்கரவடிவு தாடையில் பென்சிலை வைத்து இழுத்தாள்.

கீழே டீக்கடையில் கிளாஸ் உடைந்தது. ஜன்னலோரம் நின்றவர்கள் பார்த்தார்கள்: பேச்சிராஜன் பெஞ்சோடு சாய்ந்து, எழுந்து, தாடையைப் பிடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் திரும்பினான். ஹெல்மெட்டுக்குள் இருந்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒரு ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "ஏ அம்மா, தங்கத்துக்கும் விழுதுடோய்" என்று ஒரு குரல் வந்தது.

மூக்குக்கு ஒரு கோடு. ரத்தம் அவன் சட்டையில் வழிந்தது. அவன் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்து, "எம்மா!" என்றான். கோபமாகத்தான் கூப்பிட்டான். புருவத்துக்கு ஒரு கோடு. புருவம் விரிந்து நெற்றித்தோல் கண்ணுக்கு மேல் தொங்கியது. அப்போது அவன் குரல் மாறிவிட்டது, ஏனென்றால் அடுத்தது என்ன என்று அந்த ஊரிலேயே அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். என்னென்ன செய்தோம், எந்த வரிசையில் செய்தோம் என்பது அவனுக்கு மறக்கவில்லை.

"எம்மா, போதும்மா! கண்ணும்மா! கண்ணு போயிரும், வண்டி ஓட்ட முடியாதும்மா! எம்மா, நான் ஒம்புள்ளைம்மா!"

பென்சில் முப்பிடாதியின் கண்ணுக்குக் கீழே, உள்வாங்கின எலும்பின் மேல் ஒரு நூல் உயரத்தில் நின்றது. காமாலையில் புருஷன் போனபோது ரெண்டு வயசுப் பிள்ளையாக இருந்து அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தவன் அங்கே கீழே நிற்கிறான். கீழே பார்த்தால் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் எதிரே இருந்த முகத்தைப் பார்த்தாள். இந்த முகத்துக்கும் அவள்தான் மேக்கப் போட்டாள். கல்யாணத்தன்று இதே கன்னத்தில் மையால் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்து, யார் கண்ணும் பட்டுவிடக் கூடாது என்று சொன்னாள்.

"என்னுதும் கண்ணுதான் அத்தை" என்றாள் முப்பிடாதி.

சங்கரவடிவு கோட்டை இழுத்தாள். சின்னக் கோடு. அரை அங்குலம்கூட இருக்காது. தேங்காய் உடைகிற சத்தம் பஜார் முழுக்கக் கேட்டது. பேச்சிராஜன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, முகத்தை ரெண்டு கையாலும் மூடிக்கொண்டு, வாய் திறந்து, சத்தம் வராமல் அழுதான். மாடசாமிதான் இஸ்திரிப்பெட்டியை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்து அவனைத் தாங்கினான். மாடியில் முப்பிடாதியின் கன்ன எலும்பு உள்ளிருந்து யாரோ விரலால் தள்ளுகிற மாதிரி எழும்பி, தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இடது கண்ணில் நீர் கொட்டி, பார்வை தெளிந்தது.

சங்கரவடிவு பென்சிலைத் தட்டில் போட்டாள். "முடிஞ்சுது" என்றாள்.

"இன்னும் இருக்கு" என்றாள் முப்பிடாதி.

டாக்டரம்மா வந்து பார்த்தாள். "ஆமா, வாயைச் சுத்தி. இடது கன்னத்துல சின்னதா நாலு பள்ளம், வலது கன்னத்துல ஒண்ணு. ரெண்டு பக்கமும் இருக்கு, ஆனா வயசு இல்ல." அவளுக்கு விளங்கவில்லை. "யாரோ அழுத்திப் பிடிச்ச மாதிரி இருக்கு."

சங்கரவடிவுக்கு விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் இறங்கினதும் முப்பிடாதி வீறிட்டாள். அதே நேரம் பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வந்து, "வடிவக்கா, என்ன சத்தம்?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, பூனை" என்று உள்ளிருந்தே பதில் சொல்லிக்கொண்டு, ரத்தமும் மூக்குமாகக் கிடந்தவளின் வாயைச் சங்கரவடிவு தன் வலது கையால் பொத்தினாள். மேலே குனிந்து, பின்பக்கத்திலிருந்து, பலங்கொண்ட மட்டும் பொத்தினாள். அவள் மூச்சுக்குத் திமிறியபோதும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி செருப்புச் சத்தம் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் எடுக்கவில்லை. இருபத்தைந்து வருஷம் எத்தனையோ பெண்களின் முகத்தைத் தொட்ட கை.

இது ஒன்றுமில்லை, தலையணை அழுத்தின தடம் என்று அவள் சொல்லியிருந்தால் டாக்டரம்மா நம்பியிருப்பாள். முப்பிடாதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கரவடிவு தட்டிலிருந்து பென்சிலை மறுபடி எடுத்து, வலது கன்னத்துப் பள்ளத்தில் முதல் கோட்டைப் போட்டாள்.

ஒரு பெருவிரல் வந்து சங்கரவடிவின் வலது கன்னத்தில் பதிந்தது. முப்பிடாதியின் இடது கன்னத்தில் ரெண்டாவது கோடு போட்டாள். ஒரு விரல் விழுந்தது. மூன்றாவதற்கு உள்ளங்கை வந்து வாயையும் மூக்கையும் சேர்த்து அடைத்தது. கை தெரியவில்லை, ஆனால் அதில் மீன்குழம்பு வாடையும் தரை துடைத்த துணியின் வாடையும் இருந்தது. மூச்சு போகவும் இல்லை, வரவும் இல்லை. பல் உதட்டுக்குள் இறங்கி வாய் உப்பாகிவிட்டது. காது இரைந்தது. பெஞ்சில் இருந்த பொம்பளைகள் "வடிவு, வடிவு" என்று எழுந்தார்கள். அவள் இடது கையைக் காட்டி அவர்களை உட்காரச் சொன்னாள். நாலாவது கோடு வளைந்துவிட்டது. அதை அழித்து நேராகப் போட்டாள். ஐந்தாவதைப் போடும்போது அவளுக்குக் கண் தெரியவில்லை. முப்பிடாதி அவள் மணிக்கட்டைப் பிடித்து அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். அதன் பிறகும் அந்தக் கை உடனே விலகவில்லை. ஒருத்தி வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் நடந்துபோக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் இருந்துவிட்டுத்தான் விலகியது.

அவள் தரையில் கிடந்து மூச்சு வாங்கினாள். முப்பிடாதி நாற்காலியிலிருந்து இறங்கி, முகத்தைத் துடைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு முதுகைத் திருப்பி ஜாக்கெட்டைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினாள். பெல்ட்டின் தடம் குறுக்கும் நெடுக்குமாக, கறுத்தது மேல் சிவந்தது, சிவந்தது மேல் கறுத்தது.

"இதுக்கெல்லாம் உங்க பென்சில் வராது அத்தை. இதுக்கு வேற இடத்துக்குப் போவணும். நான் போறேன். நீங்க வாறியளா, கீழ போறியளா?"

கீழே ஆட்டோ வந்து நின்றது. மாடசாமி பேச்சிராஜனைத் தூக்கி உள்ளே உட்காரவைத்தான். படியிறங்கி வந்த சங்கரவடிவைப் பார்த்ததும் கூட்டம் விலகியது. அவன் ஒற்றைக் கண்ணால் பார்த்து, "எம்மா, கூட வாம்மா" என்றான். அவள் குனிந்து தன் முந்தானையால் அவன் தாடையில் இருந்த ரத்தத்தைத் துடைத்தாள். அவன் தலையை ஒருதரம் தடவினாள். மாடசாமியிடம், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, ஆட்டோவில் ஏறாமல், முப்பிடாதிக்குப் பின்னாலேயே ரோட்டைத் தாண்டினாள். பெஞ்சில் இருந்த பொம்பளைகள் பதினைந்து பேரும், யாரும் சொல்லாமலே, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, விலாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார்கள்.

ஸ்டேஷனில் ஏட்டையா தலைக்கட்டோடு உட்கார்ந்திருந்தார்; அவர் வீட்டில் போன வாரம் கோடு போட்டிருந்தார்கள். முப்பிடாதியின் முகத்தைப் பார்த்தார். அதில் இப்போது ஒரு காயமும் இல்லை. வாசலை அடைத்து நின்ற மற்ற பொம்பளைகளையும் பார்த்தார். பேனா மூடியைக் கழற்றாமலே கேட்டார்: "மோட்டார் ரூம் படியில விழுந்துட்டான்னு பேச்சு வந்துதே?"

சங்கரவடிவு முன்னால் வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைச் சுற்றி ஐந்து விரலும் பதிந்து கறுத்திருந்தது. உதடு தடித்து, பேச்சு குழறியது. அதனால் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்.

"அது நான் சொன்ன பொய். எழுதுங்கய்யா."

"உங்களை யாருன்னு எழுத?"

"அடிச்சவனுக்கு அம்மா. வாயைப் பொத்துனவ. ரெண்டையும் எழுதுங்க."